முனகியது ஒன்று, தேய்ந்தது இன்னொன்று: ஒரு பிபி மாற்றிய கதை

"தம்பி, நான் படியேறேக்க முனகிறதை விட இது கூட முனகுது."

ஒரு ஞாயிறு காலை இப்படிச் சொல்லிக்கொண்டுதான் சேர் தன் சைக்கிளை எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களின் சைக்கிள்களை வார இறுதியில் நான் பார்ப்பதுண்டு. தொழில் என்று சொல்ல முடியாது. வாரநாளில் கணக்குப் புத்தகம், ஞாயிறில் கிறீஸ், அவ்வளவுதான்.

சேர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். உயர்தர மாணவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் படிப்பிக்கிறார். தெஹிவளையிலிருந்து பம்பலப்பிட்டி வரை எல்லாமே சைக்கிளில்தான். 2022இல் பெட்ரோல் வரிசையில் இரண்டு இரவு நின்ற பிறகு, பழைய 26 அங்குலக் கியர்ச் சைக்கிள் ஒன்றைத் தேடி வாங்கினார். பிறகு எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். சேர் ஸ்கூட்டரின் உறையைக் கழற்றவே இல்லை. "சீனி குறைஞ்சிட்டுது" என்பது அவர் சொல்லும் காரணம். உண்மையான காரணம் கடலோர மரைன் டிரைவின் காலைக் காற்று என்று நான் நினைக்கிறேன்.

அதற்கு முந்தின கிழமை சைக்கிளை ஒரு கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் ஏறி இரண்டு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, "பிபி போயிட்டுது, முழுசா மாத்த வேணும்" என்றாராம். பிபி என்றால் இரண்டு பெடல்களுக்கும் நடுவில் சுற்றும் அச்சுத் தொகுதி. சேருக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. வழி காட்டாமல் விடை மட்டும் எழுதும் பிள்ளைகளுக்கு அவர் புள்ளி போடுவதில்லை. அதனால்தான் என்னிடம் வந்தார்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் சொன்ன விடை சரி, காரணம் பிழை. அவர் சொன்னபடி பிபியை மட்டும் மாற்றியிருந்தால் சைக்கிள் அதே முனகலோடுதான் வீட்டுக்குப் போயிருக்கும்.

சத்தம்

பிபி என்று கடைகளில் சுருக்கமாகச் சொல்வது பொட்டம் பிறக்கட்டை. பெடல்கள் பூட்டியிருக்கும் கைகளான இரண்டு கிறாங்க்குகளையும் இணைக்கும் அச்சு, அது சுற்றுவதற்கான உருண்டைகள், அவற்றைத் தாங்கும் கப், எல்லாம் சேர்ந்த தொகுதி. பிறேமின் கீழ்க் குழாயும் சீற் குழாயும் பின்சில்லுக்குப் போகும் குழாய்களும் வந்து சேர்கிற சந்தியில் இருக்கிறது. குழாய்களுக்குச் சத்தத்தைக் கடத்தும் குணம் உண்டு. ஆசனம் முனகினாலும் ஹாண்டில் முனகினாலும் மிதிப்பவரின் காதுக்கு அது காலடியிலிருந்து வருவதுபோலவே கேட்கும். பாவம் பிபி, செய்யாத குற்றத்துக்கெல்லாம் அதன்மேல்தான் பழி.

சேரிடம் கேட்டேன்: எப்போது வருகிறது, எத்தனை தரம் வருகிறது?

பையிலிருந்து சீஆர் கொப்பி ஒன்றை எடுத்தார். எண்ணி வைத்திருந்தார். ஒரு மிதிச் சுற்றுக்கு ஒரு தடவை, இடது கால் கீழே அழுத்தும்போது மட்டும், "டிக்" என்று. மிதிக்காமல் உருளவிட்டால் இல்லை. ஆசனத்திலிருந்து எழும்பி நின்று மிதித்தாலும் இருக்கிறது. பாதி வேலை அந்தக் கொப்பியிலேயே முடிந்திருந்தது.

எழும்பி நின்றும் வருகிறது என்றால் ஆசனமும் சீற் கம்பியும் பெரும்பாலும் நிரபராதிகள். மிதிக்காதபோது நின்றுவிடுகிறது என்றால் சில்லின் கம்பிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். கிறாங்க் சுற்றோடு ஒட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வருகிறது. இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏனென்றால் பிபிக்குள் இருக்கும் உருண்டைகள் கிறாங்கோடு சேர்ந்து அதே வேகத்தில் சுற்றுவதில்லை. கிறாங்க் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது உருண்டைகள் அரைச் சுற்றுக்கும் குறைவாகவே நகரும். உருண்டை ஒன்று உடைந்தால் அந்தச் சத்தம் இந்தச் சுற்றில் வரும், அடுத்த சுற்றில் இடம் மாறும், சிலவேளை காணாமற்போகும். இவ்வளவு ஒழுங்காக, ஒரு காலுக்கு மட்டும், மணிக்கூடு மாதிரி வராது. இடது கிறாங்க் அச்சில் தளர்ந்திருந்தால் இப்படி வரலாம். இல்லையென்றால் பெடல்.

கிறாங்க் போல்ட்டை எலன் கீயால் பார்த்தேன், இறுக்கமாகவே இருந்தது. அப்புறம் என் சைக்கிளின் இடது பெடலைக் கழற்றி இதில் பூட்டினேன். இடது பெடலுக்கு மரை தலைகீழ், இறுக்கும் திசையில் திருப்பினால்தான் கழலும் என்பதை மறந்து எத்தனை பேர் கிறாங்கைக் கெடுத்திருக்கிறார்களோ. சேர் ஒழுங்கையின் முனைவரை போய்த் திரும்பி வந்தார். சத்தம் இல்லை. அவருடைய பழைய பெடலின் மரையைத் துணியால் துடைத்துப் பார்த்தால் சுத்தமாகக் காய்ந்த உலோகம், பூட்டிய நாளில் கிறீஸ் கண்டிருக்காது. துடைத்து, கிறீஸ் பூசி, அதையே திரும்ப இறுக்கினேன். மறுபடி ஒரு சுற்றுப் போய் வந்தார். சத்தம் இல்லை.

சேருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பிபி சரி, கடைக்காரன் பொய் சொல்லிப்போட்டான்" என்று எழும்பினார். நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் பெடலைப் பூட்டும்போது கண்ணில் ஒன்று பட்டிருந்தது.

கை

முன்னால் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றதுக்குத் தள்ளும் கியர்க் கூடு இருக்கிறதல்லவா? அதன் உள்தகடும் வெளித்தகடும் இரண்டுமே செயின் உரசி வெள்ளி மாதிரி மினுங்கின. கியர் ஒழுங்காக வைக்கப்படாவிட்டால் ஒரு பக்கம் உரசும். இரண்டு பக்கமும் உரசுகிறதென்றால் கூடு அசைவதில்லை, முன் பல்சக்கரத் தொகுதியான செயின்வீல்தான் அங்குமிங்கும் அசைகிறது. சேரிடம் கேட்டால், "ஓம், கியர் அடிக்கடி இளகும். நானே அந்தத் திருகாணியைத் திருப்பி விடுவன்" என்றார். எத்தனை மாதமாக? "ஒரு வருஷம் இருக்கும்."

ஒரு வருடமாக பிபி தன் நோயைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சத்தம் போடாமல் சொன்னதால் யாரும் கேட்கவில்லை.

செயினை முன் பல்சக்கரத்திலிருந்து தூக்கி, உள்ளே பிபிக் கூட்டின்மேல், அதாவது பிபி பொருந்தியிருக்கும் பிறேம் குழாயின்மேல், விழவிட்டேன். இதைச் செய்யாமல் பிபியைச் சோதிப்பது வீண். செயினின் இழுவையும் பின்சில்லின் சத்தமும் கலந்துவிடும்.

முதலில் ஆட்டம். இடது கிறாங்கைப் பெடல் பக்கத்தில் பிடித்து, பிறேமை நோக்கித் தள்ளி, வெளியே இழுத்தேன். மெல்லிய "க்ளக்" ஒன்று விரலில் தெரிந்தது. காதால் கேட்கவில்லை, விரலில்தான். இங்கே ஒரு கிளைக்கேள்வி உண்டு: ஆடுவது கிறாங்க் மட்டுமா, அச்சோடு சேர்ந்தா? மற்றக் கையை வலது கிறாங்கில் வைத்துக்கொண்டு மறுபடி ஆட்டினேன். இடதை உள்ளே தள்ளும்போது வலது வெளியே போனது. இரண்டும் ஒன்றாக ஆடினால் குற்றம் உள்ளே, உருண்டைகளில். ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிறாங்கின் சதுரத் துளை அச்சில் சரியாகப் பிடிக்கவில்லை. அதை இறுக்கிப் பார்க்கலாம், ஆனால் தளர்ந்த நிலையில் நாள்கணக்காக ஓட்டியிருந்தால் அலுமினியத் துளை பெருத்துப்போய் கிறாங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய கறுப்புச் சைக்கிள்களில் சதுரத் துளைக்குப் பதில் கொட்டர் பின் இருக்கும். அங்கே பின் தேய்ந்தாலும் இதே ஆட்டம்தான், ஆனால் முன்பின்னாக.

இரண்டாவது, உணர்வு. ஒரு கையை சீற் குழாயின் அடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் கிறாங்கை மெல்லச் சுற்றினேன். நல்ல பிபி என்றால் உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியக்கூடாது. இதில் ரவை வறுக்கும் சட்டியைக் கரண்டியால் கிளறுவதுபோல ஒரு கரகரப்பு. சேரையும் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றார்.

பிறகு அவரே கிறாங்கை ஒரு தட்டுத் தட்டிச் சுழலவிட்டார். அது பாட்டுக்கு ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி நின்றது. "இவ்வளவு லேசாச் சுத்துதே, பிறகென்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, பலரும் ஏமாறுவதும் இங்கேதான். உருண்டைகளை உள்ளே வைத்து அடைத்து வரும் மூடிய பிபி, புதிதாகப் பூட்டியது என்றால், தட்டினால் அப்படிச் சுழலாது. புதுக் கிறீஸும் ரப்பர் மூடிகளும் இழுத்துப் பிடிக்க, ஓரிரு சுற்றில் நின்றுவிடும். கிறீஸ் காய்ந்து மூடி தேய்ந்ததுதான் பம்பரமாகச் சுழலும். சுழல்வதைப் பார்த்து மயங்கக்கூடாது, எப்படிச் சுழல்கிறது என்று கையால் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக செயின்வீலின் விளிம்பை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன். பல் நுனியில் கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர் போய் வந்தது. செயின்வீல் வளைந்திருந்தாலும் கூட்டில் உரசும். ஆனால் வளைவு என்றால் சுற்றில் அதே பல்லில்தான் உரசும், தள்ளினால் போய் வராது. இது போய் வந்தது.

இவ்வளவு ஆனபிறகுதான் நான் சொன்னேன்: "சேர், பிபி போயிட்டுது."

திறந்தபோது

ஆட்டமும் கரகரப்பும் இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மூடிய வகை என்றால் வேறு வழி கிடையாது, முழுதாக மாற்றுவதுதான். சேருடையதோ கப்பும் உருண்டையும் தனித்தனியான பழைய வகை. அதில் கிறீஸ் மட்டும் செத்திருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, உருண்டைக்கூடு இல்லாமல் பக்கத்துக்குப் பதினொரு புது உருண்டைகள் (ஒவ்வொன்றும் கால் அங்குலம்) போட்டு, கிறீஸ் பூசி, இடது கப்பை அளவாக இறுக்கினால் இன்னும் சில வருடம் ஓடும். உருண்டைக்கு ஆகும் செலவு ஒன்றுமேயில்லை. அந்த நம்பிக்கையில்தான் திறந்தேன்.

கிறாங்கைக் கழற்ற இழுவைக்கருவி வேண்டும். அதன் மரையைக் கிறாங்கின் மரைக்குள் கடைசிவரை கையால் ஏற்றாமல் இழுத்தால் கிறாங்கின் மரை முழுவதும் உரிந்து கையோடு வந்துவிடும். என் முதல் கிறாங்க் அப்படித்தான் போனது. இடது பக்கப் பூட்டு வளையத்தைக் கொக்கி ஸ்பானரால் தளர்த்தி, கப்பைத் திருகினேன். கப் கழன்றதும் அரைக் கோப்பை பிளேன்ரீ நிலத்தில் கொட்டியது. தண்ணீர்தான், நிறம் அப்படியே பிளேன்ரீ. பின்னாலேயே, உருண்டைகளை இடம் மாறாமல் பிடித்திருக்கும் உருண்டைக்கூட்டின் தகடு மூன்று துண்டாக விழுந்தது. அந்தக் கூட்டில் 9 உருண்டைகள் இருந்திருக்க வேண்டும், எனக்குக் கிடைத்தவை 7.

அச்சைத் துடைத்து, உருண்டைகள் ஓடும் பாதையில் பேனை முனையால் மெல்ல ஒரு கோடு இழுத்தேன். பாதை நல்லதென்றால் முனை வழுக்கிக்கொண்டு போகும். இதில் நான்கு இடத்தில் தட்டி நின்றது. அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். அச்சில் குழி விழுந்தபின் புது உருண்டை போடுவது பள்ளமான வீதிக்குப் புது டயர் போடுவதுபோலத்தான். புதியவையும் சில வாரங்களில் அதே கதிக்கு வரும். அங்கேயே முடிவாகிவிட்டது.

தண்ணீர் எப்படி வந்தது? கப் வழியாகக் கொஞ்சம் வரும். பெரும்பகுதி மேலிருந்து வந்தது. சேரின் சைக்கிள் இரவில் திறந்த முற்றத்தில் நிற்கும். சீற் கம்பி குழாய்க்குள் இறங்கும் இடத்தில் இறுக்குவதற்கென்று ஒரு வெட்டு இருக்கிறதே, மழை அதனூடாக இறங்கி நேரே பிபிக் கூட்டில் போய் நிற்கும். வெளியேறுவதற்குக் கூட்டின் அடியில் ஒரு சிறு துளையும் இருந்தது, ஆனால் சேறும் பெயின்றும் அடைத்துவிட்டன. போதாததற்கு மரைன் டிரைவ். தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் அந்த வீதியில் கண்ணாடி அணிந்து போனால் வீடு வந்து உப்பைத் துடைக்க வேண்டும். கண்ணாடியில் படிவது கப்பின் விளிம்பிலும் படியும்.

நானாவின் வைஸ்

வலது கப் கழலவில்லை. இந்த வகைப் பிறேமில் வலது பக்க மரை தலைகீழ், இறுக்கும் திசை என்று நாம் நினைக்கும் பக்கம் திருப்பினால்தான் கழலும். யாரோ இதை அறியாமல் முன்னொரு காலத்தில் மறுபக்கம் திருப்பி, சுத்தியலாலும் அடித்திருந்தார்கள். கப்பின் ஓரத்தில் வெட்டுக் காயங்கள். துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தேன். காலையில் 36 மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டு, அதன்மேல் குழாய் ஏற்றி, இரண்டு பேராகத் தொங்கினோம். ஸ்பானர் வழுக்கி என் விரல் முட்டி உரிந்ததுதான் மிச்சம்.

சில்லுகளைக் கழற்றி, பிறேமைத் த்ரீவீலில் ஏற்றி, மருதானையில் எனக்குத் தெரிந்த நானா ஒருவரிடம் போனோம். சேரும் கூடவே வந்தார், விடை வரும்வரை விடமாட்டார். நானா பார்த்தார், சிரித்தார். "கப்பத் திருவாதீங்க தம்பி, பிறேமத் திருவுங்க."

கப்பின் இரு தட்டையான பக்கங்களையும் மேசையில் பூட்டிய இரும்புப் பிடிகருவியான பெரிய வைஸின் தாடைக்குள் இறுக்கிப் பிடித்துவிட்டார். பிறேம் அதன்மேல் படுத்துக்கிடந்தது, வலது பக்கம் கீழே. இப்போது பிறேம் முழுவதுமே நெம்புகோல். எந்தப் பக்கம் திருப்புவது என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, சேர் விரலைக் காற்றில் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டுவிட்டு, "வலம் வரவேணும்" என்றார். கோயிலைச் சுற்றுவதுபோல, வைஸ் எங்கள் வலக்கைப் பக்கம் இருக்க, ஆளுக்கொரு முனையைப் பிடித்து நடந்தோம். கால் சுற்றில் "டக்" என்று ஒரு சத்தம். கப் விட்டுக்கொடுத்துவிட்டது.

ஏன் தலைகீழ் மரை என்று சேர் கேட்க, நானா மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, மற்றக் கையின் தளர்ந்த முஷ்டிக்குள் அதன் ஒரு முனையை விட்டு, வெளி முனையை வட்டமாகச் சுழற்றிக் காட்டினார். பென்சில் போகும் வட்டம் ஒரு பக்கம், பென்சில் தன்னைத்தானே உருட்டிக்கொள்வது மறுபக்கம். சுழலும் பாரம் கப்பை இப்படித்தான் எதிர்ப்பக்கமாக மெல்ல மெல்ல உருட்டும், அதைத் தடுக்கவே வலது கப்புக்குத் தலைகீழ் மரை. இத்தாலிய முறைப் பிறேம்களில் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான், அவற்றில் வலது கப் தானாக இளகுகிறது என்ற முறைப்பாடு பழையது. சேர் அந்தப் பென்சிலைத் திருப்பித் தரவில்லை.

புதியது

இனி அளவு. பிபிக் கூட்டின் அகலம் 68 மில்லிமீற்றர். பழைய அச்சு முனைக்கு முனை 122 முதல் 123 வரை வந்தது, எனவே மூடிய வகையில் 68 கூட்டுக்கு 122.5 அச்சு. டாம் வீதியில் முதலில் ஏறிய கடையில் 113ஐ நீட்டி, "எல்லாம் ஒண்டுதான்" என்றார்கள். ஒன்றல்ல. பக்கத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் குறைந்தால் மூன்று பல்சக்கரங்களில் சின்னது பிறேமில் உரசும், செயினும் சரிந்து ஓடும். பழைய வகை அச்சுகள் சில வலது பக்கம் கூட நீண்டிருக்கும், புதியவை பெரும்பாலும் இரு பக்கமும் சமம். ஆகவே மொத்த நீளத்தோடு வலது பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் தனியே அளந்து போவது நல்லது. மூன்றாவது கடையில் சரியானது கிடைத்தது.

மரையை இரும்புத் தூரிகையால் சுத்தம் செய்து, கிறீஸ் பூசி, வலது பக்கத்தைக் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றினேன். கையால் ஏறாவிட்டால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், ஸ்பானரைத் தொடவே கூடாது. பிபி கப்புக்கு 50 முதல் 70 நியூட்டன் மீற்றர் முறுக்கம் வேண்டும். முறுக்கம் காட்டும் ஸ்பானர் என்னிடம் இல்லை. சேர் உடனே, "25 சென்ரிமீற்றர் கைப்பிடியிலை 20 கிலோ பாரம் குடுத்தால் 49" என்றார். 20 கிலோ என்றால் எவ்வளவு அழுத்தம் என்று அறிய நான் குளியலறைத் தராசின்மேல் கையை ஊன்றிப் பழகியது என் மனைவிக்கு இன்றும் வேடிக்கை. கிறாங்க் போல்ட்டுக்கு 35 முதல் 50. சில நாள் ஓடியபின் அதை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொன்னேன்.

அடைபட்ட துளையைக் கம்பியால் குத்தித் திறந்தேன். சீற் கம்பியின் வெட்டுக்குமேல் பழைய டியூப் துண்டொன்றை வளையமாக மாட்டினேன். தண்ணீர்க் குழாயைப் பீச்சிச் சைக்கிள் கழுவுவதை நிறுத்தச் சொன்னேன். அதற்கு மட்டும் சேர் சரி சொல்லவில்லை.

இடையில் ஒன்று: புதிய றேஸ் சைக்கிள்களில் பெயாரிங் பிபிக் கூட்டுக்கு வெளியே இருக்கும், ஷிமானோவின் ஹோலோடெக் 2 போல. அச்சு வலது கிறாங்கோடு ஒட்டியே வரும், இழுவைக்கருவி வேண்டாம். சோதனை அதேதான்: செயினை இறக்கு, ஆட்டு, கை வைத்துச் சுற்று. மரையில்லாமல் அழுத்திப் பொருத்தும் வகை மட்டும் கொஞ்சம் குழப்பம். அதில் பெயாரிங் புதிதாக இருந்தாலும் கூட்டின் அளவு சற்றுப் பிசகினால் முனகும். அங்கே முனகலை வைத்துப் பெயாரிங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

சேரின் சைக்கிளில் முன் கியர்க் கூட்டை ஒரே ஒரு தடவை ஒழுங்குபடுத்தினேன். அதன்பிறகு அந்தத் திருகாணியைத் தான் தொடவில்லை என்கிறார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார், கொப்பியோடு. புதுச் சத்தமாம். "பிபியோ சேர்?" என்று கேட்டேன்.

"இல்லை தம்பி. கை வைச்சுப் பாத்தன், சுத்தமாய் இருக்கு. இது மூண்டு சுத்துக்கு ஒருக்கா வருது, ஆனால் ஒவ்வொரு முறையும் ரெண்டு பல்லு முந்தி. நடுச் சக்கரத்திலை 38 பல்லு, மூண்டு சுத்துக்கு 114. செயினை எண்ணினன், 112 கண்ணி."

செயினை விரலால் உருட்டிக்கொண்டே வந்தேன். ஒரு கண்ணி மட்டும் மடங்க மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல வளைத்துவிட்டு, ஒரு துளி எண்ணெய் விட்டேன்.